எல்க் வேட்டைக்கு ரைஃபிளும் ஸ்கோப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். அக்டோபரில் ரைஃபிள் சீசன். அதற்குள் துப்பாக்கி வாங்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மாட்டி, சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும். கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்க் என்பது ராக்கி மலைகளில் கூட்டமாகத் திரியும் பெரிய மான். வளர்ந்த ஆண் 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கு மேல் தேறும். இங்கே சொல்லும் விதிகள் கொலராடோவுக்கானவை. வேறு மாநிலம் என்றால் அந்த மாநில வனவிலங்குத் துறையின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எச்1பி விசாவுல இருக்கேன். ரைஃபிள் வாங்க விடுவாங்களா?

பொது விதி "முடியாது" என்பதுதான். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதிலேயே விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருப்பது. அதனால் முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் கூடவே போய்விடும். வாங்கிய பிறகும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நண்பருடைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் சட்டத்தின் கண்ணில் "வைத்திருப்பது"தான். இதில் தண்டனை பெற்றால் நாட்டை விட்டே அனுப்பப்படும் நிலை வரலாம். சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

காசு குடுத்தா அன்னைக்கே எடுத்துட்டு வந்துடலாமா?

முடியாது. பின்னணிச் சோதனை உண்டு. 2023 அக்டோபர் முதல் கொலராடோவில் 3 நாள் காத்திருப்பும் உண்டு. வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். தனியாரிடம் பழைய துப்பாக்கி வாங்கினாலும் உரிமம் பெற்ற டீலர் மூலமாகச் சோதனை நடந்தாக வேண்டும்.

ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் படிச்சே ஆகணுமா? ஊர்ல என்சிசியில சுட்டிருக்கேனே.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் படித்தாக வேண்டும். என்சிசி அனுபவம் அதற்கு ஈடாகாது. சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. முதல் கேள்வியில் சொன்னபடி, விசாவில் இருப்பவருக்கு உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் கிடையாது. ஆகவே உங்கள் வேலை இந்த வகுப்பில்தான் தொடங்குகிறது.

எல்க்குக்கு சட்டப்படி எந்த ரைஃபிள் இருக்கணும்?

கேலிபர் (குண்டின் விட்டம்) குறைந்தது 24, அதாவது 0.24 அங்குலம் அல்லது 6 மி.மீ. குழல் நீளம் குறைந்தது 16 அங்குலம். குண்டு, பட்டவுடன் விரியும் வகையாக இருக்க வேண்டும். எல்க்குக்கும், மூஸ் என்னும் இன்னொரு பெரிய மானுக்கும் குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்). 100 யார்டு (சுமார் 91 மீட்டர்) தூரத்தில் குண்டின் ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ என்றால் மேகசினிலும் (தோட்டா அடுக்கும் பெட்டி) சேம்பரிலும் (சுடவேண்டிய தோட்டா இருக்கும் அறை) சேர்த்து 6 தோட்டாவுக்கு மேல் கூடாது.

இது சட்டம் வைத்த அடிமட்டம். 243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை இந்தக் கணக்கில் தேறிவிடும். கைதேர்ந்தவர்கள் அதில் எல்க் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் முதல் சீசனுக்குப் போகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோள் எலும்பில் பட்டால் உள்ளே ஊடுருவிப் போகும் அளவுக்கு அந்தச் சின்னக் குண்டில் எடை இல்லை.

எந்த கேலிபர்? ஒரே தடவை வாங்கி முடிச்சுடணும்.

என் பதில் நெடுநாளாக மாறவில்லை: 308 வின்செஸ்டர், 30-06, 270 வின்செஸ்டர், 7 மி.மீ.-08. இந்த நான்கில் எது உங்கள் தோளுக்கு ஒத்துவருகிறதோ அது. 30-06 வந்தது 1906-இல், 270 வந்தது 1925-இல், 308 வந்தது 1952-இல். இத்தனை காலமாக எல்க் இவற்றால் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மலையடிவாரத்துச் சின்ன ஊர்க் கடையில்கூட 30-06 தோட்டாப் பெட்டி இருக்கும். சீசனுக்கு முந்தின நாள் தோட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

2007-இல் வந்த 6.5 க்ரீட்மூரைப் பற்றியும் கேட்கிறார்கள். உதை (சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது) குறைவு, நேர்த்தியாகச் சுடும். 143 கிரெய்ன் குண்டு 300 யார்டிலும் சுமார் 1,600 அடி-பவுண்டு ஆற்றலோடு போகும். எல்க்குக்கு 1,500 வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கணக்கு. ஆகவே 300 யார்டுக்குள் நின்றுகொள்கிறவருக்கு அது போதும். இணையத்தில் 600, 700 யார்டு வீடியோ பார்த்துவிட்டு அதை வாங்க வருகிறவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

300 வின் மேக் மாதிரி பெரிசா வாங்கிட்டா, கொஞ்சம் தப்பா பட்டாலும் விழுந்துடும்ல?

விழாது. வின் மேக் என்பது வின்செஸ்டர் மேக்னம், கூடுதல் மருந்துள்ள பெரிய தோட்டா. குடலில் பட்ட மேக்னம் குண்டும் குடலில் பட்ட குண்டுதான். எல்க் ஓடும், மறைவில் படுக்கும், மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும், நீங்கள் கண்டுபிடிக்காமலும் போகலாம். நுரையீரலில் பட்ட 308 பெரும்பாலும் நூறு யார்டுக்குள் கதையை முடித்துவிடும். எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம். அதைத் தீர்மானிப்பது உங்கள் கை. தோட்டாவின் அளவு இல்லை.

உதையைக் கணக்கில் பாருங்கள். 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 6.5 க்ரீட்மூரின் உதை சுமார் 12 அடி-பவுண்டு. 30-06-இல் சுமார் 20. 300 வின் மேக்கில் 26ஐத் தாண்டும். புதிதாகச் சுடுகிறவர் 20-ஐத் தாண்டினாலே ட்ரிகரை இழுக்கும் முன் கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளத் தொடங்கிவிடுவார். அவருக்கே அது தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றிரண்டை வாங்கி நண்பரிடம் கொடுங்கள். நல்லதையும் வெற்றையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து அவர் போட்டுத் தரட்டும். வெற்றுத் தோட்டா வரும்போது "டிக்" என்ற சத்தத்தோடு குழல் நுனி அசையாமல் நின்றால் நீங்கள் தயார். நுனி சட்டென்று கீழே குத்தினால், அந்த ரைஃபிள் உங்களுக்குப் பெரிது.

போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோவா?

போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை இது. பனியிலும் தூசியிலும் தகராறு செய்யாது, சுத்தம் செய்வது எளிது, சேம்பர் காலியா என்று ஒரே பார்வையில் தெரியும். ருகர் அமெரிக்கன், சாவேஜ் 110, பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ், வின்செஸ்டர் மாடல் 70 என எதை எடுத்தாலும் உங்களைவிட நன்றாகவே அது சுடும். எடையில் மட்டும் கவனம். 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும்போது ஒவ்வொரு பவுண்டும் தெரியும். அதற்காக 6 பவுண்டுக்கும் கீழே போனால் உதை கூடும், நின்று சுடும்போது குழல் ஆடும். ஸ்கோப்போடு சேர்த்து 8 பவுண்டு அளவில் இருந்தால் நல்லது.

கடையில் கையில் எடுத்ததும் ஒன்று செய்து பாருங்கள். விற்பவரைக் கேட்டுக்கொண்டு, சேம்பர் காலி என்று உறுதிப்படுத்தி, பத்திரமான திசையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் (தோளில் ஊன்றும் பின்பகுதி) படியட்டும். கண்ணைத் திறக்கும்போது ஸ்கோப் நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டையின் நீளம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. நீளம் குறைந்த கட்டையோடு வரும் மாடல்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

ரைஃபிளுக்கு எவ்வளவு, ஸ்கோப்புக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாக ஒதுக்குங்கள். பெரும்பாலோர் ரைஃபிளில் காசைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் ஸ்கோப் வாங்குகிறார்கள். இன்றைய விலை குறைந்த ரைஃபிளும் நன்றாகச் சுடுகிறது. விலை குறைந்த ஸ்கோப்தான் உதையில் இடம் மாறிப்போகும், குளிரில் உள்ளே பனி படரும். இரண்டும் வாங்கிய பிறகு பயிற்சியில் சுடும் தோட்டாவுக்கும் பணம் மீதி இருக்க வேண்டும்.

3-9x40ன்னா என்ன அர்த்தம்? ஜூம் அதிகமா இருந்தா நல்லதுதானே?

3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்புற லென்ஸ் 40 மி.மீ. விட்டம். எல்க் வேட்டைக்கு இந்த ஒன்றே போதும். 2-10 அல்லது 4-12 என்றாலும் சரி. பெரிதாக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். 60 யார்டில் மரத்துக்கு நடுவே எல்க் எழுந்து நிற்கும்போது ஸ்கோப் 18-இல் இருந்தால், பழுப்பு ரோமம் மட்டும்தான் தெரியும். அது தோளா தொடையா என்று தெரியாது. நடக்கும்போது எப்போதும் குறைந்த எண்ணிலேயே வைத்திருங்கள். தூரத்தில் பார்த்தால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும். பக்கத்தில் பார்த்தால் குறைக்க நேரம் இருக்காது.

அப்போ 50 மி.மீ. லென்ஸ் வாங்கினா விடியக்காலைல நல்லா தெரியுமா?

கொஞ்சம். லென்ஸ் விட்டத்தைப் பெரிதாக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அளவு கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸை 9-இல் வைத்தால் 4.4 மி.மீ.; 6-இல் வைத்தால் 6.7 மி.மீ. மங்கலில் நம் கண்பாவை விரிவதே 5 முதல் 7 மி.மீ. வரைதான். ஆக, 50 மி.மீ. லென்ஸுக்குச் செலவழிப்பதைவிட 40 மி.மீ. ஸ்கோப்பை 6-க்கு இறக்குவது எளிது. 50 மி.மீ. லென்ஸுக்கு ஸ்கோப்பை உயரத் தூக்கி மாட்ட வேண்டும், கன்னம் கட்டையில் சரியாகப் படியாது. சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான் சுடலாம். அந்த வெளிச்சத்துக்கு நல்ல கண்ணாடியுள்ள 40 மி.மீ. போதும்.

எஃப்எஃப்பி, எஸ்எஃப்பின்னு போட்டிருக்கே, எது எடுக்கணும்?

ஸ்கோப்புக்குள் குறிபார்க்கும் குறுக்குக்கோடு எங்கே அமைந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். எஃப்எஃப்பியில் (முதல் குவியத் தளம்) பெரிதாக்கத்தோடு குறுக்குக்கோடும் சேர்ந்து பெரிதாகும், எஸ்எஃப்பியில் (இரண்டாம் குவியத் தளம்) கோடு மாறாது. வேட்டைக்கு எஸ்எஃப்பி. எஃப்எஃப்பியைக் குறைந்த எண்ணில் வைத்தால் கோடு மெலிந்து, அடர்ந்த மர நிழலில் காணாமலே போய்விடும்.

ஸ்கோப்பை வீட்டிலேயே மாட்டலாமா?

தாராளமாக. எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று அவசியம் வேண்டும். வளையத் திருகுகளைப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை முறுக்கச் சொல்வார்கள். உங்கள் வளையத்தோடு வந்த தாளில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. கைப்பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் மூன்றரை அங்குலமாவது இருக்கட்டும். ஸ்கோப்பை அதிகபட்சப் பெரிதாக்கத்தில் வைத்து, வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு இதைப் பாருங்கள். படுத்துச் சுடும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும் முகம் தானாக முன்னே நகரும். புருவத்துக்கு மேல் பிறை வடிவத்தில் தழும்பு உள்ளவர்களை எல்லா ரேஞ்சிலும் (சுடும் பயிற்சி மைதானம்) பார்க்கலாம். ஸ்கோப் பின்னால் வந்து குத்திய அடையாளம் அது.

ஜீரோ பண்றது எப்படி? ரேஞ்சுக்குப் போய் ஒரு பெட்டி தோட்டா காலியாச்சு, பேப்பர்லயே படல.

ஜீரோ என்பது குறுக்குக்கோடு வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. 100 யார்டில் தொடங்கினீர்கள், அதனால்தான். 25 யார்டில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழல் வழியாகப் பாருங்கள். இலக்கின் நடுப்புள்ளி குழலின் வட்டத்துக்கு நடுவில் வரட்டும். ரைஃபிளைத் தொடாமல், ஸ்கோப் டயல்களை மட்டும் திருப்பிக் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். இனி போல்ட்டைப் போட்டு ஒரு குண்டு சுடுங்கள். பேப்பரில் பட்டே தீரும்.

அது நடுவிலிருந்து 2 அங்குலம் கீழே, 1 அங்குலம் வலப்பக்கம் பட்டதாக வைத்துக்கொள்வோம். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, 100 யார்டில் சுமார் ஓர் அங்குலம்) ஸ்கோப்பில் டயலின் ஒரு கிளிக், 100 யார்டில் சுமார் கால் அங்குலம் நகர்த்தும். 25 யார்டில் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது பதினாறில் ஒரு அங்குலம். ஆகவே 32 கிளிக் மேலே, 16 கிளிக் இடப்பக்கம். டயலில் உள்ள அம்புக்குறி குண்டு படும் இடம் நகரும் திசையைத்தான் காட்டுகிறது. கோட்டின் திசையை அல்ல. இங்கேதான் பலர் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

பிறகு 100 யார்டுக்குப் போங்கள். மூன்று குண்டு சுட்டு, மூன்றுக்கும் நடுவிடத்தைக் குறியுங்கள். அதில் நன்றாகப் பட்ட ஒன்றை மட்டும் பார்த்து டயலைத் திருப்பாதீர்கள். குழலைத் தொட்டால் சுடுகிறதென்றால் ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் குண்டு விலகத் தொடங்கும். சரிசெய்து இன்னொரு மூன்று. வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவில்தான் இதைச் செய்ய வேண்டும். வேறு பிராண்ட், வேறு எடை என்றால் படும் இடமும் வேறு. கடைசியாக, இன்னொரு நாள் காலையில் போய், ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு. மலையில் நீங்கள் சுடப்போவது அந்தக் குண்டைத்தான்.

100ல ஜீரோவா, 200லயா?

200. 30-06-இல் 180 கிரெய்ன் குண்டை 200 யார்டில் ஜீரோ செய்தால், 100 யார்டில் சுமார் 2 அங்குலம் மேலே படும், 300-இல் சுமார் 8 அங்குலம் கீழே, 400-இல் சுமார் 2 அடி கீழே. எல்க்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி மேலிருந்து கீழே ஓரடிக்குக் குறையாது. ஆக, 250 யார்டு வரை நடுவில் வைத்துச் சுட்டாலே போதும், கணக்கே வேண்டாம். ரேஞ்சில் 200 யார்டு வசதி இல்லையென்றால், மேலே சொன்ன மூன்று குண்டின் நடுவிடம் 100 யார்டில் 2 அங்குலம் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

ஈயக் குண்டா, செம்புக் குண்டா?

கொலராடோவில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயம் கூடாது. நான் செம்பின் பக்கம். ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இறைச்சியில் சிதறும்; அந்த இறைச்சியைக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறோம். மலையில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது நஞ்சு. செம்புக் குண்டு முழுதாகவே ஊடுருவிப் போகும். ஆனால் வேகம் நொடிக்கு 2,000 அடிக்கு வெகுவாகக் குறைந்தால் சரியாக விரியாது. அதனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடையையும் ஒரு படி குறைத்து, 30-06-இல் 165 அல்லது 168 கிரெய்ன் எடுத்தால் வேகம் கூடும்.

மேட்டுல நிக்கிற எல்க்கை எப்படிக் குறி வைக்கணும்? மேல பார்த்துச் சுட்டா குண்டு கீழ விழுமா?

மாறாக, சற்று மேலே படும். மேட்டை நோக்கிச் சுட்டாலும் பள்ளத்தை நோக்கிச் சுட்டாலும் அதேதான். புவியீர்ப்பு குண்டை இழுப்பது கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்றபடிதான். 30 டிகிரி சரிவில் 300 யார்டு என்றால், 260 யார்டில் நிற்பதாக நினைத்துக் குறி வையுங்கள். சாய்வைக் கணக்கிட்டுத் தூரத்தைச் சொல்லும் ரேஞ்ச் ஃபைண்டர் கருவி இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு சற்றுத் தட்டையாகப் போகும்; 300 யார்டுக்குள் அது பொருட்படுத்தும் அளவு இல்லை.

சரி, எவ்வளவு தூரம் வரைக்கும் சுடலாம்?

இந்தக் கேள்விக்கு ரைஃபிள் பதில் சொல்லாது. 9 அங்குலப் பேப்பர் தட்டை நிறுத்துங்கள். மேசையும் மணல்மூட்டையும் இல்லாமல், உட்கார்ந்தோ மண்டியிட்டோ, கைத்தடித் தாங்கலோடு ஐந்து குண்டு சுடுங்கள். அதற்கு முன் ஓடிவந்து மூச்சு வாங்க வேண்டும். ஐந்தும் தட்டில் பட்ட தூரம்தான் உங்கள் எல்லை. பெரும்பாலோருக்கு அது 200 யார்டு, பலருக்கு 150. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காட்டில் நடந்து 150 யார்டுக்குள் போய்ச் சேர்வதே வேட்டை.

அதற்கு மேல் காற்று இருக்கிறது. மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்று, 30-06 குண்டை 300 யார்டில் சுமார் 7 அங்குலமும் 400-இல் ஓரடி அளவும் ஒதுக்கிவிடும். மலையில் நீங்கள் நிற்குமிடத்தில் ஒரு காற்று, நடுவே பள்ளத்தில் வேறொரு காற்று. தூரத்தைக் கருவி அளந்து சொல்லிவிடும், காற்றைச் சொல்லாது.

எங்க குறி வைக்கணும்? கழுத்துல சுட்டா அங்கயே விழுந்துடும்னு சொல்றாங்களே.

கழுத்தும் தலையும் வேண்டாம். அங்கே உயிர்நிலை குறுகலானது, அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். தாடை உடைந்து ஓடிய விலங்கு பட்டினியில் சாகும். பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வந்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். இரண்டு நுரையீரலும் அடிபடும். நம்மை விட்டு விலகிச் சாய்ந்து நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை நோக்கிக் குண்டு போகும்படி வையுங்கள். நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றால் பொறுங்கள், பெரும்பாலும் திரும்பும்.

சுடும் முன் எல்க்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கூட்டத்தில் ஒன்றைத் துளைத்த குண்டு அடுத்ததையும் காயப்படுத்தும். உங்கள் கையில் இருப்பது ஒரு எல்க்குக்கான உரிமம்தான்.

விமானத்துல கொண்டு போனா ஜீரோ மாறிடுமா?

மாறலாம், எனவே போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். தோட்டா நீக்கிய ரைஃபிளைப் பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, கவுண்டரில் சொல்லி, செக்-இன் பெட்டியாகப் போட வேண்டும். மாநில எல்லைக்குள் வண்டியில் போகும்போதும் சேம்பரில் தோட்டா இருக்கக் கூடாது.

இதே ரைஃபிளை ஊருக்குக் கொண்டு போய் பன்னி வேட்டைக்கு வெச்சுக்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை குற்றம். பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கும் அரசின் ஆணை வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அங்கே பொருந்தாது.

குண்டு பட்டுது, ஆனா ஓடிடுச்சு. உடனே துரத்தலாமா?

முதலில் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். எல்க் இன்னும் கண்ணில் பட்டு, சுடுவதற்கு வாகாக நின்றால் மறுபடி சுடுங்கள். மறைந்துவிட்டால் நின்ற இடத்திலிருந்தே அது கடைசியாகத் தெரிந்த மரத்தையோ பாறையையோ மனத்தில் குறித்துக்கொண்டு, சுட்ட இடத்தில் ஒரு ஆரஞ்சு நாடா கட்டுங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள்.

பிறகு அது நின்ற இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், மெல்லத் தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், இன்னும் காத்திருங்கள். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடல். பல மணி நேரம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சீக்கிரம் போனால் எழுந்து அடுத்த மலைக்கே போய்விடும். ஒவ்வொரு துளியிலும் ஒரு நாடா கட்டிக்கொண்டே போனால், தடம் அறுந்த இடத்தில் திரும்பிப் பார்க்கும்போது அது போன திசை தெரியும். காயம்பட்ட விலங்கைத் தேடி முடிப்பதும், உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்காமல் எடுப்பதும் சட்டப்படியும் உங்கள் பொறுப்பு. தடம் தனியார் வேலிக்குள் போனால் உரிமையாளரிடம் கேட்காமல் தாண்டாதீர்கள். அவர் மறுத்தால் வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அந்தப் பகுதி அதிகாரியின் எண்ணைச் சீசனுக்கு முன்பே எழுதி உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இன்டர்நெட் கிடைக்காது.